இரண்டாவது புரொசசர் ஏன் சும்மா இருந்தது?

போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்றரை வரை எங்கள் குண்டசாலை வீட்டில் மிக்ஸி போடத் தடை. அயன் பண்ணத் தடை. தடை போட்டவன் நான். கட்டுப்பட்டவள் என் மனைவி புவனா.

காரணம்? நான் கம்பியூட்டரின் வேகத்தை அளந்துகொண்டிருந்தேன். நடுவில் வோல்டேஜ் இறங்கினால் கணக்குப் பிழைத்துவிடுமே!

ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய கம்பியூட்டர் அது. ஆனால், உள்ளே ஒன்றல்ல... இரண்டு புரொசசர்! த்ரீவீலரில் மடியில் வைத்துக் கொண்டுவந்து லினக்ஸ் போட்டேன். ஓடும்போது மேட்டில் ஏறும் பஸ் மாதிரி சத்தம். "ரெண்டு மூளை புவனா, எந்த வேலையும் பாதி நேரத்துல முடிஞ்சிரும்" என்று பீற்றிக்கொண்டேன். அவளும் நம்பிவிட்டாள், பாவம்.

புவனா கணித ஆசிரியை. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஓ.எல். பரீட்சைக்கோ மூன்றே வாரம். அந்தப் பிள்ளைகளுக்காக லீவு நாளெல்லாம் உட்கார்ந்து இருபத்துநான்கு பாடங்களை வீடியோ எடுத்திருந்தாள். அந்தப் பாடசாலை டிவி பழையது, பழைய வகை வீடியோவைத்தான் காட்டும். எல்லாவற்றையும் அந்த வகைக்கு மாற்றி, சனி காலை ஆறரை பஸ்ஸில் அங்கே வகுப்பு நடத்த மேலே போகும் செல்வி டீச்சரிடம் பென் டிரைவைக் கொடுக்க வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த வார வகுப்பு இல்லை.

மாற்றும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். ஏற்றவன் மாற்றத் தொடங்கியிருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. ஒரு புரொசசர் ஓடினால் எவ்வளவு நேரம், இரண்டும் ஓடினால் எவ்வளவு நேரம் என்று முதலில் பார்க்க ஆசை. முதலாம் பாடத்தை எடுத்து, ஒரு புரொசசரை நிறுத்தி மூன்று தரம், இரண்டையும் விட்டு மூன்று தரம் ஓட்டினேன். சராசரி எடுப்பதுதானே முறை!

ஒன்றில் நாற்பத்தைந்து நிமிடம் பத்து வினாடி. இரண்டில் நாற்பத்தைந்து நிமிடம் இரண்டு வினாடி.

எட்டே எட்டு வினாடி! எனக்கு முகம் கறுத்துவிட்டது.

புவனா அம்மியில் சம்பல் அரைத்த கையோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"எத்தனை பாடம் முடிஞ்சிச்சுங்க?"

"ஒன்னு."

"காலையில இருந்து ஒன்னா?"

"இல்ல... அதே ஒன்னைத்தான் ஆறு தரம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனதுக்குள் கணக்குப் போட்டாள். "மிச்சம் இருபத்துமூணு. இப்பவே தொடங்கினாலும் நாளைக்குக் காலையில ஆறே முக்கால் ஆயிரும். பஸ் ஆறரைக்குங்க." எனக்கு வெட்கமாக இருந்தது.

மடவளையில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் நண்பர் நஸீரை அழைத்தேன். "ஜும்மா தொழுதுட்டு இப்பதான் வந்தேன். ரெண்டு மணிக்கு வாறேன் மச்சான்" என்றார். சொன்னபடியே இரண்டு மணிக்கு வந்து, திரையில் எதையோ திறந்து, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் ஈக்குது. ஒன்டு மூச்சு வாங்க வேல செய்யுது, மத்தது சும்மா ஈக்குது. நீங்க வேலயப் பிரிச்சுக் குடுக்கல்லியே! ஒரே நேரத்துல ரெண்டு பாடத்த ஓட விடுங்க."

அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஒரு பாடத்தை மாற்றும் நேரத்தில் இரண்டு பாடம் மாறியது.

நஸீரை அண்ணன் முறையில் நானா என்றுதான் புவனா அழைப்பாள். தேநீர் கொண்டுவந்தவள் கேட்டாள்: "அப்ப நஸீர் நானா, பக்கத்துல ஒன்னு கெடந்து சாகும்போது மத்தது சும்மா பாத்துக்கிட்டு இருக்குமா?"

"சொல்லாட்டி இருக்கும் டீச்சர்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

நஸீர் தேநீரைக் குனிந்து குடித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சொன்னாத்தானே புவனா செய்வேன்?" என்றேன்.

"அதையும் நான்தான் சொல்லணுமாங்க? சமைக்கிறது ஒரு வேலை. உங்களுக்குச் சொல்றது இன்னொரு வேலை."

இருபத்தைந்து வருடத்தில் இதை அவள் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. மிக்ஸிக்குத் தடை போட்டபோதுகூட "சரிங்க" என்றுதான் சொன்னாள். எப்படிப்பட்ட பெண்ணுக்கு நான் வாய்த்திருக்கிறேன் பாருங்கள்!

கடைசிப் பாடம் பஸ்ஸுக்கு ஏழு மணித்தியாலம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. சனி மாலை செல்வி டீச்சரிடமிருந்து குரல் பதிவு: "எட்டாவது பாடத்தப் புள்ளைங்க ரெண்டு தரம் போடச் சொன்னாங்க அக்கா." புவனா அதைக் குசினியில் வைத்து நான்கு தரம் கேட்டாள். நான்கு தரமும் நான் பக்கத்தில்தான் நின்றேன், போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டு.

ஆமாம், யாரும் சொல்லாமலே போயிருந்தேன்.

அளக்கும் புத்தி விடுமா? மணியையும் பார்த்து வைத்தேன். புவனா தனியாகச் சமைத்தால் ஒன்றேகால் மணித்தியாலம். இருவரும் சேர்ந்து சமைத்ததில் ஒன்றே முக்கால் — மஞ்சள் எங்கே, உப்பு எங்கே என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் போன நேரம் அது.

"ஒருதரம் பாத்தா எப்படிங்க? மூணு தரமாவது பாத்துச் சராசரி எடுக்கணும்... நாளைக்கும் வாங்க" என்கிறாள்!