கடைசிச் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் வரவேண்டிய நாளில் வரவில்லை, வரக்கூடாத ஆள்மேல் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். பூசி மெழுகாமல் எழுத முடிகிறதா, பார்க்கிறேன்.

நந்திதுர்க் என்ற பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பில் என் வீடு. பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் லீட். அதாவது மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிக்கும் கூட்டத்துக்குத் தலைவி. வீட்டிலும் அதே உத்தியோகம்தான் என்பார் என் கணவர். தினமும் ரயிலில் போய் ரயிலில் வருகிறேன்.

என் டீமில் ஓர் அக்கா இருந்தார். மாரிகுப்பத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து, அது மூடிப்போனதும் நாற்பதைத் தாண்டிய வயதில் டெஸ்டிங் படித்து வந்தவர். காண்ட்ராக்ட் வேலை. எங்கள் பிராஜெக்ட் நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். கணவருக்கு மூச்சிரைப்பு, வேலைக்குப் போக முடியாது. மகள் பி.யூ.சி. படிக்கிறாள். “பெர்மனென்ட் ஆனதும்” என்றுதான் அக்காவின் பாதிப் பேச்சு தொடங்கும். பெர்மனென்ட் ஆனதும் ஒழுகுகிற கூரையை மாற்றணும், பெர்மனென்ட் ஆனதும் பெண்ணை நர்சிங்கில் சேர்க்கணும்.

ரயில் மாரிகுப்பத்தில்தான் புறப்படும். அங்கே ஏறுகிறவர்கள் பின்னால் ஏறுகிறவர்களுக்கு சீட் போட்டு வைப்பது எங்கள் லைனில் எழுதாத சட்டம். நான் இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஏறுவேன். ஜன்னலோரத்தில் அக்காவின் பை எனக்காக உட்கார்ந்திருக்கும். “வாம்மா” என்று பையை எடுப்பார். அதே வாய் ஒன்பதரை மணிக்கு ஆபீஸில் “மேடம்” என்று கூப்பிடும். ஆபீஸ் வழக்கப்படி நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். முதல் வாரம் நாக்கு கூசியது, அப்புறம் பழகிவிட்டது.

எங்கள் வாடிக்கையாளர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனி. அவர்களுக்கு எல்லாமே பழைய முறையில், வாட்டர்ஃபாலாக வேண்டும். முதலில் தேவையெல்லாம் எழுதிக் கையெழுத்து, பிறகு வடிவமைப்பு, பிறகு மென்பொருள் எழுதுவது, எல்லாம் முடிந்தபின் ஒரு மாதம் சோதனை, அதற்கும் தாள் தாளாகக் கையெழுத்து. எங்கள் கம்பெனிக்கோ அஜைல்தான் வேண்டும். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சமாக எழுது, அதை உடனே சோதி, காட்டு, திருத்து. இரண்டு மாதம் இழுபறி. கடைசியில் நான்தான் சமாதானத் திட்டம் போட்டேன். முன்னாலும் பின்னாலும் வாட்டர்ஃபால், நடுவில் அஜைல். நடுவில் துண்டு துண்டாகச் சோதிப்போம். முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டியது எதுவோ அது கடைசிச் சோதனைக்குப் போகும். மேனேஜர் கை குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது இரண்டு வாரச் சுற்றின் கடைசி வெள்ளிக்கிழமை அக்கா ஒரு குறை கண்டுபிடித்தார். லேப்காரர்கள் ஒரு ரிசல்ட்டைத் தப்பாக ஏற்றி, பிறகு திருத்தினால், கம்ப்யூட்டரில் திருத்தம் சரியாகத் தெரிகிறது. நோயாளியின் போனுக்கு முதலில் போன லிங்க் மட்டும் பழைய ரிசல்ட்டையே திறக்கிறது. படம் எடுத்து ஒட்டி, படிப்படியாக எழுதியிருந்தார். டீச்சர் கை அல்லவா.

அன்று வேலை நிலவரம் காட்டும் எங்கள் போர்டில் எல்லாம் பச்சை, இது ஒன்றுதான் சிவப்பு. திங்கட்கிழமை மேலிடத்துக்குக் காட்ட வேண்டும். ரயிலுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. ‘கடைசிச் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி எழுதி, அந்தக் குறையை முடிந்ததாகக் குறித்து மூடினேன். போர்டு பச்சையானது.

மூடினால் மட்டும் போதாது. கடைசிச் சோதனைக்கான பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியல் ஆரம்பத்திலேயே கையெழுத்தாகி இறுகிப்போன டாக்குமெண்ட். ஒரு வரி சேர்க்க வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்டு ஒரு வாரம் மெயில் எழுத வேண்டும், இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் செய்யலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரம் ஆனது. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை, மறந்ததுபோல இருந்தேன்.

கடைசிச் சோதனை மாதம் வந்தது. ரிசல்ட் பகுதி அக்காவுக்கு. இரண்டாம் நாளே என் மேஜைக்கு வந்து, அந்தப் போன் லிங்க் விஷயம் லிஸ்ட்டில் இல்லையே மேடம் என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். சுற்றி நாலு பேர் இருக்கும்போதே, டாக்குமெண்ட்டில் இருப்பதை மட்டும் பாருங்கள், பள்ளிக்கூடம் நடத்தாதீர்கள் என்று கத்தினேன். பேரைச் சொல்லிக் கத்தினேன். அவர் போய் டாக்குமெண்ட்டில் இருந்ததை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன்.

மென்பொருள் ஓட ஆரம்பித்த ஆறாவது வாரம். ஏதோ ஓர் ஊரில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மிக அதிகம் என்று தப்பான ரிசல்ட் போனது. லேபில் ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டார்கள். அவர் போனில் திறந்தது பழையதுதான். அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினார், மாத்திரை கூடியது, மறுநாள் பாத்ரூமில் மயங்கி விழுந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். அவர் பிழைத்தார் என்று கேள்விப்பட்டபோது, ஐயோ பாவம் என்று தோன்றுவதற்கு முன்னால், அப்பாடா, நான் தப்பித்தேன் என்றுதான் தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விசாரணைக்குக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தோம். வாடிக்கையாளர் பக்கம் இரண்டு பேர், மேனேஜர், நான், அக்கா. அவர்கள் கையில் இருந்தது கையெழுத்துப் போட்ட தாள்கள். வெள்ளிக்கிழமை நான் மூடிய குறை எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அந்த அஜைல் பக்கத்தை அவர்கள் பார்க்க மாட்டார்கள், மேனேஜரும் தோண்ட மாட்டார். இந்தப் பகுதியைச் சோதித்தது யார் என்று மேனேஜர் கேட்டார்.

வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? திறந்தேன். அந்தப் பகுதியை அவர்தான் பார்த்தார் என்று அக்காவின் பெயரைச் சொன்னேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. அக்கா தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் பேசப் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. அறிக்கையில், சோதித்தவரின் கவனக்குறைவு என்று ஒரு வரி, பக்கத்தில் அவர் பெயர்.

அக்காவுக்கு அப்புறம் பங்காரப்பேட்டையில் ஒரு பள்ளி ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. பாதிச் சம்பளம்தான் என்று ரயிலில் யாரோ சொன்னார்கள். அவரும் அதே ரயில்தான். என் இடத்தில் பை இருக்கும், “வாம்மா” என்பார். நான்கு நாள்தான் தாங்கினேன். ஐந்தாம் நாளிலிருந்து முந்திய ரயிலுக்கு எழுந்து ஓடினேன். வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னேன்.

என் திட்டத்துக்கு இதற்குள் கம்பெனியில் நல்ல பேர். இரண்டு முறையையும் எப்படி இணைப்பது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒரு பெண் எழுந்து, இந்த இணைப்பில் என்ன ஆபத்து மேடம் என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று சொல்லி, இரண்டு முறைக்கும் நடுவில் விஷயங்கள் விழுந்துவிடும், ஒருமுறை எங்கள் டெஸ்டர் ஒருத்தர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரிகுப்பம் போனேன். அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கூரை அதே பழைய ஷீட்தான். மகள் நர்சிங்கில் சேரவில்லை, ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் டீயைக்கூடத் தொடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மூடியது நான், பட்டியலில் சேர்க்காதது நான், அந்த அறையில் தெரிந்தே உங்களை மாட்டிவிட்டது நான் என்று சொல்லி அழுதேன்.

நான் மூக்கைத் துடைத்து முடித்ததும் அக்கா சொன்னார்.

“தெரியும்மா. மூடினது யாருன்னு அதுலயே பேரோட கீதே. மீட்டிங்குக்கு முன்னாடியே பாத்துட்டுதான் வந்தேன்.”

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போது என் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, பாருங்கள்.

“நீ சொல்லுவன்னு இருந்தேன்” என்றார். ஆறிப்போன டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, “எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட வந்து சொல்லினு அழுவுற. ஆபீஸ்ல சொல்ட்டியா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“வேல போனது போவட்டும். அந்தப் பேப்பர்ல என் பேரு கீது. அத மட்டும் எடுக்கச் சொல்லும்மா.”

அன்று ராத்திரியே மேனேஜருக்கு மெயில் எழுதினேன். மூன்று வரிதான். எந்தக் குறை, யார் மூடியது, யார் பெயரை எடுக்க வேண்டும். எழுத்துப்பிழைகூட இல்லை. நான்கு வாரமாகிறது, இன்னும் அனுப்பவில்லை.