ஆறாவது நாளில் ரத்து செய்தேன்

என் அக்காவின் குரல் எங்களிடம் இல்லை. ஆளுக்கொரு போன் இருக்கும் வீட்டில் அதெப்படி என்று கேட்பீர்கள். வாட்ஸப்பில் அவள் எல்லாவற்றையும் டைப் செய்தே அனுப்புவாள். பேசி அனுப்புவது சோம்பேறிகள் வேலை என்பாள். சித்தப்பா மகள் கல்யாண வீடியோவில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறாள், ஆனால் அதன்மேல் நாதஸ்வரத்தை ஏற்றிவிட்டார்கள். போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள். பத்தே நாள். இருந்த குரலை அழித்தது நான்.

அவள் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் கோச்சிங் போக வேண்டும். நின்றுகொண்டே போகிற பஸ்ஸில் புத்தகத்தை விரிக்க முடியாது. அதனால் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டே பாடத்தைத் தன் வாயால் சொல்லிப் பதிவு செய்வாள், பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு அதையே கேட்பாள். அதற்கு ஒரு செயலியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன்; எந்தச் செயலி புதிதாக வந்தாலும் முதல் நாளே இறக்கிப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அந்தச் செயலிக்கு மாதச் சந்தா. முதல் ஏழு நாள் இலவசம். இந்த இலவசம் எப்படி ஓடுகிறது என்பதைக் கேட்பவர்களுக்கெல்லாம் உற்சாகமாக விளக்குவேன். சேரும்போதே யூபிஐயில் ஆட்டோபேக்குச் சம்மதம் வாங்கிவிடுவார்கள். எட்டாம் நாள் அதுவாகவே பணம் எடுத்துக்கொள்ளும். நாம் மறந்துவிடுவோம் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. நான் மறக்க மாட்டேன். போனில் அலாரம் வைத்து ஆறாவது நாளே ரத்து செய்துவிடுவேன். பிறகு புது மெயில் ஐடி, மறுபடி ஏழு நாள். முதலில் என் யூபிஐ, அடுத்து அப்பாவுடையது, அதற்கடுத்து அம்மாவுடையது.

"டேய், நேத்து வரைக்கும் இருந்த பாடமெல்லாம் எங்கடா?" என்று வந்து நிற்பாள்.

"அது பழைய ஐடியில இருக்குக்கா. இது புதுசு. இனிமே இதுல பேசு."

"மறுபடியும் மொதல்லேருந்தா? பணத்தக் கட்டித் தொலையேண்டா."

"இவனுங்களுக்கு எதுக்குக்கா தண்டமா அழணும்? கொஞ்சம் பொறு, அடுத்த ஐடியும் ரெடியா வச்சிருக்கேன்."

"கம்பெனிக்காரன ஏமாத்துறதுதான் ஒனக்குப் பரிச்சை. எனக்கு நெசமாவே பரிச்சை இருக்குடா!"

சொல்லிவிட்டு, முதல் பாடத்திலிருந்து மறுபடி பேசத் தொடங்குவாள். இரண்டு முறை அப்படிச் செய்தாள். நான்காவது ஐடி திறப்பதற்கு முன் காய்ச்சல் வந்துவிட்டது.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு மாதத்துக்கும் மேல் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் அம்மா தானாக வந்து உட்கார்ந்தாள். "அவ பேசிப் பேசிப் போட்டு வச்சாளேடா, பாடம்... அதக் கொஞ்சம் போட்டு விடு. பாடமா இருந்தாலும் பரவால்ல."

மூன்று கணக்குகளையும் திறந்தேன். எதிலும் ஒலி இல்லை. அவள் பேசியது போனில் இருந்ததில்லை, எல்லாம் கம்பெனியின் சர்வரில் இருந்தது. சந்தா கட்டும்வரைதான் அங்கே நமக்கு இடம். நின்றுவிட்டால் முப்பது நாள் பூட்டி வைத்திருப்பார்கள், பிறகு நீக்கிவிடுவார்கள். எச்சரிக்கை அனுப்பாமலும் இல்லை. நான் திறந்தே பார்க்காத அந்த மெயில் ஐடிகளில் வரிசையாகக் கிடந்தன: ஏழு நாளில் நீக்கப்படும், நாளை நீக்கப்படும், நீக்கப்பட்டது. அப்பா பெயரில் இருந்த கணக்குக்கு 'நாளை' என்று மெயில் வந்தது அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தன்று. பந்தியில் நான் சாம்பார் வாளியோடு நின்றிருக்கிறேன், பையில் போன் இருந்திருக்கிறது.

கம்பெனிக்கு எழுதினேன். இறந்துவிட்டாள் என்று எழுதினேன். வருத்தம் தெரிவித்து, மீட்க வழியில்லை என்று பதில் வந்தது. இருந்தும் அம்மா பெயரில் இருந்த கணக்குக்கு ஒரு வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். கட்டிவிட்டால் எங்கேயாவது ஒரு கதவு திறக்கும் என்று நினைத்தேன் போல.

திறக்கவும் செய்தது. ஒலிக்குப் பதிலாக எழுத்து. பேசுவதைத் தானாகவே எழுத்தாக மாற்றியும் வைத்திருக்கிறது அந்தச் செயலி. அக்கா அதைத் தொட்டதே இல்லை. எழுத்து அதிக இடம் பிடிக்காது, அதனால் அதை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து படித்தேன். "அடிப்படை உரிமைகள். பகுதி மூன்று. பன்னிரண்டு முதல் முப்பத்தைந்து வரை. இரும்மா வாரேன். ரெண்டு விசில் ஆச்சு, அடுப்பக் கொறைம்மா. பகுதி மூன்று."

அம்மா சிரித்தாள். உடனே முகம் மாறியது. "அவ இம்புட்டு வேகமா சொல்ல மாட்டாடா."

மெதுவாகப் படித்தேன்.

"இல்ல. 'ம்மா'ங்கிறத இழுப்பா."

இழுத்துப் பார்த்தேன். இன்னும் இழுத்தேன். அதற்குள் என் குரல் உடைந்துவிட்டது, அது யாருடைய குரலாகவும் இல்லை.

அம்மா கையை நீட்டிப் போனின் திரையை மூடினாள். "வேணாம்டா தம்பி. நீ சொல்லச் சொல்ல, அவ எப்புடிச் சொல்லுவான்னே எனக்கு மறந்துரும் போல இருக்கு."

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மீதி நிறைய இருந்தது. உதட்டைக்கூட அசைக்காமல், கண்ணால் மட்டும் படித்தேன்.