கிருஷ்ணனின் முதல் பார்வை

கேரள மாநிலம் பிறந்த வருஷம், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் ஓவியர் வெண்ணெய்க் கிருஷ்ணன் படம் எழுதினார். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். முதல் பார்வை பசுவின்மேல் விழ வேண்டும். எங்கள் பசு மாடியேறாதே! படத்தைத் தெருவுக்கு இறக்கினோம். பசுவைப் பிடித்துக்கொள்வது புது மருமகளான என் பொறுப்பு.

ஓவியர் கருவிழி வைத்து விலகினார். அந்த நொடியில் பசு ஒரு வாழைத்தாரைக் கண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியது. இப்போது படத்துக்கு நேரெதிரே, கையில் சாயாவோடு, மிளகுக்கடை ராவுத்தர்.

மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னையா மொதல்ல பாத்தாரு?" என்றார் ராவுத்தர். "அப்ப புள்ளைக்குப் பசிச்சா எங்கிட்டதானே கேக்கும்?"

அன்று மாலையே வெண்ணெய் அனுப்பினார். மாமியாரே வாங்கி நைவேத்தியம் வைத்தார். பிறகு ஒவ்வொரு வருஷமும் கண்ணன் பிறந்த அஷ்டமி ரோகிணிக்கு வந்தது. எங்கள் பசு அவ்வளவு வெண்ணெய்க்குக் கறந்ததே இல்லை. யாரைப் பார்க்க வேண்டுமென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?