துரை விட்டுப்போன காரும் கிடைக்காத சாமானும்

வாடகைக் கார் ஓட்டுவது என்றால் பாதி நேரம் ஓட்டுவது, மீதி நேரம் ஓடாத காருக்குச் சாமான் தேடுவது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிய கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம், அவர்களுக்கும் ஒரு காலம் வரும்.

என் கார் போருக்கு முன் கப்பலில் வந்தது. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று தெரிந்ததும் தோட்டத்துத் துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். அவர்களில் ஒருவரிடம் வாங்கினேன். வாடகைக்கு ஓட்டும் பெர்மிட்டும் எடுத்தேன். அந்தப் பெர்மிட்டுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதில் தவறினால் பெர்மிட் போய்விடும். பெர்மிட் போனால் மலாக்கா காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டு அடுப்பு எரியாது. என் மனைவி பாக்கியமும் மூன்று பிள்ளைகளும் அந்த வண்டியை நம்பித்தான் இருந்தார்கள். அது தெரிந்தும் அந்த வண்டியைத்தான் வாங்கினேன், ஏனென்றால் என்னால் வாங்க முடிந்தது அது ஒன்றுதான்.

சாவி

வாங்கிய அன்று துரை முன்னால் வரவில்லை. அவருடைய டிரைவர்தான் காரைத் துடைத்துச் சாவியைக் கையில் கொடுத்தார். பதினைந்து வருடம் அந்தக் காரை ஓட்டியவர். பிரிய மனமில்லாமல் முகம் வாடியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் பாரம் இறக்கிவைத்தவர் மாதிரி நின்றார்.

இந்த மாடலுக்கு இங்கிலாந்திலேயே சாமான் செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்ற விஷயத்தை அவர் அப்போது சொல்லவில்லை. திருட்டுப் போகாமல் இருக்கக் கதவுக்குத் தனிப் பூட்டு போடலாமா என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். "பூட்டெல்லாம் எதுக்கு அண்ணே? அது தானா எங்கயும் போகாது."

வாய் வேண்டாம்

டவுனில் சாமான் கடை வைத்திருந்த சீன முதலாளியிடம் (தவுக்கே என்போம்) ஒரு பழக்கம். நீங்கள் எந்தச் சாமானின் பெயரைச் சொன்னாலும் அவர் காதில் வாங்க மாட்டார். ஒரே சாமானைத் தமிழர் ஒரு பெயரில் கேட்பார், மலாய்க்காரர் ஒரு பெயரில் கேட்பார், ஆங்கிலம் படித்த ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி புத்தகத்தில் இருக்கிற பெயரில் கேட்பார். எல்லோரையும் நம்பி ஏமாந்த பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கெட்டுப்போன சாமானையே கழற்றிக் கொண்டுவர வேண்டும். அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார், பிறகு எழுந்து போய் நூறு டப்பாக்களில் சரியான ஒன்றைத் திறப்பார்.

ஒருமுறை கார்புரேட்டரில் இருக்கும் ஒரு ஊசிக்காகப் போனேன். அவசரத்தில் பழையதைக் கழற்றவில்லை. இத்தனை நீளம், இத்தனை கனம், முனை இப்படி என்று விரலால் காட்டிக் கால் மணி நேரம் விளக்கினேன். என் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். தவுக்கே பொறுமையாகக் கேட்டார், பிறகு எனக்குப் புரியும் மலாயில் சொன்னார். "பழைய சாமானைக் கொண்டு வா. வாயைக் கொண்டு வராதே."

இன்னொரு வண்டி

பழைய சாமானைக் கொண்டுபோவது சரி. அது வழியில் விழுந்து தொலைந்தால் என்ன செய்வது? புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் போகும்போது ஆக்சிலேட்டரை இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் கழன்று விழுந்துவிட்டது. சவாரியை எப்படியோ இறக்கிவிட்டு, வந்த வழியே தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

காய்கறிக் கூடையோடு வந்த ஒரு அம்மா, என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். பாவம் என்று அவரும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாலையின் அந்தப் பக்கம் தேட ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் ஒரு போல்ட்டை எடுத்து வந்து, இதுவா என்றார். நான் தேடியது அதுவல்ல. ஆனால் அதுவும் என் வண்டியின் போல்ட்தான். எப்போது விழுந்தது என்று எனக்கே தெரியாது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஸ்பிரிங் கிடைத்தது, கூடவே ஒரு வாஷரும் கிடைத்தது. மூன்றையும் என் கையில் பார்த்துவிட்டு அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டார். "நீங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இன்னொரு காரே கெடைச்சிடும் போல இருக்கே."

நலம் விசாரிப்பு

மலாக்காவில் என் காரைப் போல இன்னொன்றுதான் இருந்தது. புக்கிட் பாருவில் ஓய்வு பெற்ற கோர்ட் கிராணி ஒருவர் வைத்திருந்தார். எங்கே பார்த்தாலும் என்னை நிறுத்தி, வண்டி எப்படி இருக்கிறது என்று அன்பாகக் கேட்பார். புகை வருகிறதா, மேடு ஏறும்போது இருமுகிறதா என்றெல்லாம் விசாரிப்பார். இப்படி ஒரு நல்ல மனிதரா என்று நான் உருகிப்போனேன். நானும் அவருடைய வண்டியைப் பற்றி அக்கறையாக விசாரித்தேன்.

ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு கார்களில் எது முதலில் கண்ணை மூடுகிறதோ, அதைக் கழற்றித்தான் மற்றது பிழைக்க வேண்டும். என் அக்கறையும் அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் அவரே வெளிப்படையாகப் பேசிவிட்டார். "எனக்கொன்னும் அவசரமில்ல தம்பி. உங்க வண்டி முடிஞ்சா மட்டும் மொதல்ல எனக்குச் சொல்லி அனுப்புங்க."

தாலி போச்சு

இது மெர்டேக்காவுக்கு அடுத்த வருடம் நடந்தது. மறுநாள் காலை பரிசோதனை. குருபோங்கில் ஒரு சவாரியை விட்டுவிட்டுத் திரும்பும்போது, மத்தியான வெயிலில் ஃபேன் பெல்ட் அறுந்து வண்டி நின்றது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெரு ராஜு பிள்ளை சைக்கிளில் வந்தார். காப்பிக்கொட்டை அரைக்கும் ஆலையில் வேலை செய்பவர். மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழ் வம்சம். நெற்றி நிறையத் திருநீறு, கோவிலில் எங்களுக்கு முன்னால் போய் நிற்பார். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'அக்கா', 'வாங்க', 'சாப்பிட்டாச்சா', 'போச்சு' என்று நான்கே வார்த்தைகள்தான்.

மலாயில் தாலி என்றால் கயிறு, வார். ஃபேன் பெல்ட்டுக்கு 'தாலி கிப்பாஸ்' என்று பெயர். அது அறுந்துவிட்டது, வர நேரமாகும், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் மலாயில் சொல்லி அனுப்பினேன்.

அவர் அதை அப்படியே மலாயில் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பாக்கியம் மீன் வாங்குவதே மலாயில்தான். ஆனால் ராஜு பிள்ளை மரியாதை தெரிந்தவர். ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கெட்ட செய்தி சொல்லும்போது தமிழில் சொல்வதுதான் முறை என்று நினைத்திருக்கிறார். சைக்கிளை விட்டு இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து சொன்னாராம். "அக்கா, குருபோங். தாலி போச்சு."

பாக்கியத்தின் கை கழுத்துக்குப் போனது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. செட்டிகள் வீட்டுக் கல்யாணத்திலும் தாலிதானே கட்டுகிறார்கள். அந்தத் தாலி இல்லை, காரின் தாலி என்று மலாயில் கத்தியிருக்கிறார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள், அவர் குரல் யார் காதிலும் விழவில்லை.

ஒரு தேங்காய் லாரி கயிறு கட்டி என் காரை இழுத்து வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருவுக்குள் நுழைகிறேன், என் வீட்டு வாசலில் வரிசையாக நாற்காலிகள். ஒருவர் பந்தல்காரருக்குச் சொல்லக் கிளம்பிக்கொண்டிருந்தார். அறுந்த பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் இறங்கியதும் சத்தம் அப்படியே நின்றது. பாக்கியம் வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். வழியெல்லாம் நான் மறுநாள் பரிசோதனையை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்தேன், அவளை ஒருமுறைகூட நினைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் என் தோளில் கிடந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பெல்ட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கே. அதச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

மாற்று

அந்த அளவு பெல்ட் தவுக்கேயிடம் இல்லை. அறுந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், எல்லா டப்பாவையும் திறந்தார், கையை விரித்துவிட்டார். புக்கிட் பாரு கிராணியின் காரில் இதே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் கேட்டால் என் வண்டி சாகக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால் போகவில்லை. நாளையோடு பெர்மிட் போயிற்று என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலிகளை இன்னும் திருப்பி எடுத்துப்போகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ராஜு பிள்ளை வந்தார். பாக்கியத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அறுந்த பெல்ட்டை வாங்கிக்கொண்டு ஆலைக்குப் போனவர், காப்பி அரைக்கும் இயந்திரத்துக்கென்று வைத்திருந்த மாற்று பெல்ட்டோடு திரும்பினார். அரை அங்குலம் நீளம் அதிகம். டைனமோவை வெளியே தள்ளி இறுக்கியதும் பிடித்துக்கொண்டது. முதலாளியிடம் கேட்டீர்களா, இவ்வளவு சிரமம் எதற்கு என்றேன். கேட்டுத்தான் எடுத்து வந்ததாகச் சொன்னார். மேற்கொண்டு மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "அக்கா தாலிய அறுத்தது நான். நாந்தானே மாத்திக் குடுக்கணும்."

ஆறு மாதம்

மறுநாள் காலை பரிசோதனைக்குப் போனால், முன்பு வெள்ளைக்கார அதிகாரி இருந்த நாற்காலியில் இப்போது ஒரு மலாய் அதிகாரி இருந்தார். பிரேக், ஹாரன், விளக்கு எல்லாம் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு பானட்டைத் திறந்தார். பெல்ட் சூடானதும், ஆலையில் கிடந்தபோது அதில் படிந்திருந்த காப்பித் தூள் மணக்க ஆரம்பித்தது. எனக்கு உயிரே இல்லை. அவர் குனிந்தார், மூக்கை உறிஞ்சினார், என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கார் காப்பி குடிக்குமா?" என்று மலாயில் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

வீட்டுக்கு வந்து பெர்மிட்டைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் தேதியைப் பார்த்தாள், மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள், கழுத்துச் சரட்டை ஒருமுறை தொட்டுச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள். "வண்டிக்கு ஆறு மாசம் குடுத்துட்டாங்க. வண்டிக்காரருக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

பழைய காரில் எது அறுந்தாலும், செய்தி வீடு போய்ச் சேரும்போது அது கழுத்தில்தான் அறுகிறது.