ஆறட்டும் என்கிற தளபதி

தேநீரை ஊற்றி, கோப்பையைத் தட்டால் மூடி, தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி தளபதி உட்கார்ந்திருக்கிறார். எதிரே இயந்திர அறை மேஸ்திரி நின்று பொரிந்து தள்ளுகிறார். மூன்றாவது பம்பைத் தன்னைக் கேட்காமல் எவனோ கழற்றிவிட்டானாம். அவனை வேறு கப்பலுக்கு மாற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் தானே மாறிப் போய்விடுவாராம். முழுவதையும் கேட்டுவிட்டுத் தளபதி, "உக்காருங்க. கொஞ்சம் ஆறட்டும்" என்கிறார். ஆற வேண்டியது தேநீரா மேஸ்திரியா என்று விளக்குவதில்லை. பத்து நிமிஷம் கழித்துத் தட்டை எடுத்துக் கோப்பையை மேஸ்திரி பக்கம் நகர்த்துகிறார். அவர் மடமடவென்று குடித்துவிட்டு, பம்பைத் தானே மாட்டிக்கொள்வதாகச் சொல்லி எழுந்து போகிறார். தளபதிக்கு அன்றைக்குக் காலைத் தேநீர் இல்லை.

ஏழு கோள்கள் சேர்ந்த கூட்டணியின் கடைசி எல்லையில் பன்னிரண்டு போர்க்கப்பல்கள் நிற்கின்றன. பன்னிரண்டுக்கும் இவர்தான் தலைவர். ஐம்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு, பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல எப்போதும் தாழ்ந்த குரல். ஒரு நகரத்தையே பொடியாக்கக்கூடிய பீரங்கிகள் இவர் விரலசைவுக்குக் காத்திருக்கின்றன. பதினேழு வருஷத்தில் அந்த விரலை இவர் அசைத்தது இரண்டே முறை. அந்த இரண்டையும் பற்றிப் பேசமாட்டார். கப்பலில் இவருக்கு 'ஆறட்டும் ஐயா' என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது.

இவரோடு ஒன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர் கப்பலின் எழுத்தர். தபால், முத்திரை, தேதி, பதிவேடு எல்லாம் இந்த அம்மாளின் பொறுப்பு. எழுத்தம்மா என்றே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். உங்கள் தளபதி எப்படிப்பட்டவர் என்று வெளியாள் யாராவது கேட்டால் எழுத்தம்மா முழிப்பார். ஒரு நாள் இவர் பெரிய மனிதர் என்று தோன்றும். மறுநாளே, ஒரு தொடைநடுங்கிக்கு யாரோ தவறிப்போய்ச் சீருடை தைத்துக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். ஒரு ஆளைத் தெரிந்துகொள்ள ஒன்பது வருஷம் போதாதா என்று தன்னையே நொந்துகொள்வார்.

சந்தேகத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் தளபதிக்கென்று ஒரு பெரிய நாற்காலி இருக்கிறது. இவர் அதில் உட்கார்ந்ததே கிடையாது. அதன் வலது கைப்பிடியில்தான் பீரங்கிக்கான பொத்தான். "முழங்கை பட்டுட்டா என்ன பண்றது?" என்பார். பொத்தானுக்கு மூடி உண்டு, மூடிக்குப் பூட்டு உண்டு, பூட்டின் சாவி இவர் கழுத்திலேயே தொங்குகிறது. ஆனாலும் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்பார். ஒருமுறை தலைமையகத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரிடமே போய், தளபதியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். இவர் "சரிங்க" என்று சொல்லி, நாற்காலியைச் சுற்றி முன்பக்கம் வந்து நின்றார். அதிகாரி போகும்வரை யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் அந்தக் கப்பலின் ஒழுங்குக்குச் சாட்சி.

நேற்று வேலைக்குச் சேர்ந்தவனையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். தரை துடைக்கிற இயந்திரம் காலில் இடித்தால்கூட, "பாத்துப் போங்க" என்று அதற்கு வழி விடுவார். ஏன் இப்படி என்று எழுத்தம்மா ஒரு நாள் கேட்டேவிட்டார். "கையில இவ்வளவு பெரிய பீரங்கி இருக்கு. வாயிலயாவது மரியாதை இருக்கட்டுமே" என்றார். இவர் மனைவி தொலைவில் ஒரு கோளில் பள்ளி ஆசிரியை. விடுமுறைக்குக் கப்பலுக்கு வந்திருந்தபோது அந்த அம்மாள் எழுத்தம்மாவிடம் அங்கலாய்த்தார்: கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு சண்டைகூட முழுசாகப் போட்டதில்லையாம். தான் ஆரம்பித்தால் தளபதி ஆறட்டும் என்பாராம், அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கி வழியுமாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். போன மாதம் நடந்தது அப்படியில்லை.

எல்லைக்குப் பதினொரு நாளுக்கு ஒருமுறைதான் தபால் கப்பல் வரும். அன்று காலை வந்த பையில் கூட்டணி சபையின் உத்தரவுகள் இரண்டு இருந்தன. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கப்பல் தாண்டி வந்தாலும் சுட்டுவிட வேண்டும் என்றது ஒன்று. தப்பி வருகிற ஜனங்களின் கப்பலை ஒரு கீறல்கூட விழாமல் உள்ளே விட வேண்டும் என்றது மற்றது. இரண்டிலும் அசல் முத்திரை. இடையில் சபை மனம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எது பிந்திய உத்தரவோ அதுதான் செல்லும். எழுத்தம்மா தேதியைப் பார்த்தார். உள்ளே விடச் சொன்னது நூற்றுப் பதினாலாம் நாள். சுடச் சொன்னது நூற்று முப்பதாம் நாள். சுடச் சொன்னதுதான் பிந்தியது என்று தளபதியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சொல்லி வாய் மூடுவதற்குள் கண்காணிப்புத் திரையில் ஒரு பழைய பயணிகள் கப்பல் தெரிந்தது. கோட்டைத் தொட ஆறு மணி நேரம். எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை. கருவி பழுதாக இருக்கலாம். பழுது போல நடிக்கலாம். துணைத் தளபதி பீரங்கிகளைத் தயாராக்கச் சொன்னார். தளபதி நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, "தயாரா இருக்கட்டும். ஆறு மணி நேரம் இருக்கில்ல, கொஞ்சம் ஆறட்டும்" என்றார். துணைத் தளபதி பல்லைக் கடித்துக்கொண்டார்.

அரை மணி கழித்து, தன் அறையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த எழுத்தம்மாவின் கண்ணில் ஒரு பழைய அறிவிப்பு பட்டது. கூட்டணி சபை ஒரே இடத்தில் கூடுவதில்லை. எந்தக் கோளுக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று முறை வைத்து ஒவ்வொரு கோளாக மாறிக்கொண்டே இருக்கும். எங்கே கூடுகிறதோ அந்த ஊர் நாட்காட்டிதான் உத்தரவிலும் ஏறும். ஒரு கோளின் நூறாம் நாள் இன்னொன்றில் பத்தாம் நாளாக இருக்கும். போதாக்குறைக்கு, எந்தக் கோளும் உசத்தியில்லை என்பதால் முத்திரையில் கோளின் பெயரையும் போடமாட்டார்கள். சபை சமீபத்தில்தான் இடம் மாறியிருந்தது. அந்த அறிவிப்பைப் போன தபாலில் வாங்கிக் கோப்பில் போட்டதே எழுத்தம்மாதான். இரண்டு தேதியும் ஒரே நாட்காட்டியா, ஒன்று பழைய இடத்ததும் மற்றது புதிய இடத்ததுமா என்று சொல்ல வழியே இல்லை.

ஓடிப்போய் எல்லார் முன்னாலும் சொன்னார். தான் முன்னே சொன்னது தப்பு, அந்தத் தேதிகளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். கேட்டு எழுதினால் பதில் வர இருபத்திரண்டு நாள் ஆகும்.

"ஆக, எது பிந்தின உத்தரவுன்னு நமக்குத் தெரியாது" என்றார் தளபதி.

"தெரியாது சார்."

திட்டுவார் என்று எழுத்தம்மா எதிர்பார்த்தார். அல்லது, நல்லவேளை என்று பெருமூச்சு விடுவார் என்று. இரண்டும் இல்லை. சந்தைக் கூட்டத்தில் கூட வந்தவர்களைத் தொலைத்துவிட்டு நிற்கிற ஆளைப் போலத் திருதிருவென்று விழித்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எழுத்தம்மாவுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

துணைத் தளபதி மெதுவாகப் பேசினார். "மூணாவது நிலையத்துலயும் இப்படித்தான் பாவம் பாத்து உள்ள விட்டாங்க சார். அந்தக் கப்பல்ல ஒரு மனுஷன் இல்ல. வெடிதான் இருந்துச்சு. என் தங்கச்சி புருஷன் அன்னிக்கு அங்க காவல்ல இருந்தாரு. ரெண்டு பிள்ளைங்களோட அவ இப்ப என் வீட்டுல இருக்கா."

"நீங்க சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியல தம்பி" என்றார் தளபதி.

பிறகு அவர் செய்தது ராணுவப் பாடப் புத்தகம் எதிலும் இல்லாதது. மற்றப் பதினொரு கப்பல்களையும் துணைத் தளபதியின் பொறுப்பில் வெகுதூரம் பின்னுக்கு அனுப்பினார். தன் கப்பலுக்கு ஏதாவது ஆனால் அதற்கு மேல் முடிவு அவருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தான் மட்டும் அந்தப் பழைய கப்பலை ஒட்டியபடியே கோடுவரை கூடப் போவதாகச் சொன்னார். அது வெடித்தால் முதலில் போவது தன் கப்பல்தான். வர விருப்பமில்லாதவர்கள் இப்போதே மற்றக் கப்பல்களுக்கு இறங்கிக்கொள்ளலாம், யார் பெயரும் குறித்துவைக்கப்படாது என்றார். தொண்ணூறு பேரில் ஐம்பத்துமூன்று பேர் இறங்கினார்கள். பம்பு மேஸ்திரி இறங்கவில்லை. எழுத்தம்மா பதிவேட்டையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு இறங்கும் வாசல்வரை போனார். போய்த் திரும்பி வந்துவிட்டார். பதிவேடு கப்பலை விட்டுப் போகக்கூடாது என்று விதி இருப்பதாக யாரும் கேட்காமலே சொன்னார். அப்படி ஒரு விதி இல்லை. ஏன் திரும்பினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

ஒரு தெருவின் அகலம் இடைவெளி விட்டு இரண்டு கப்பல்களும் பக்கம் பக்கமாகப் போயின. எதிர்ச் சன்னலில் ஒரு ஆள் வந்து பலகை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அதில் எழுதியிருந்தது யாருக்கும் புரியாத எழுத்து. கெஞ்சலா மிரட்டலா தெரியவில்லை. தளபதி வெகுநேரம் பார்த்துவிட்டு, தனக்குப் புரியவில்லை என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அந்த ஆள் யோசித்துப் பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான். அப்போதும் புரியவில்லை. அவனும் கைகளை விரித்தான். கோடு வரும்வரை இரண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்படியே நின்றார்கள்.

கோட்டைத் தாண்டினார்கள். எதுவும் வெடிக்கவில்லை. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். வானொலி நிஜமாகவே பழுதாகியிருந்தது. எழுத்தம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுது தீர்த்தார். ஆனால் சரக்கறையைச் சோதித்தபோது, கீழே மூன்று பெட்டி வெடிமருந்தும் இருந்தது. சுரங்கத்தில் பாறை உடைக்க வைத்திருந்தோம் என்று சைகையால் சொன்னார்கள். உண்மையாக இருக்கலாம். திரும்பி வந்திருந்த துணைத் தளபதி பெட்டிகளைப் பார்த்தார், தளபதியைப் பார்த்தார், போய்விட்டார்.

சுட வேண்டிய இடத்தில் சுடாமல் விட்டால், அதற்குப் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தளபதி தன் கையாலேயே நிரப்ப வேண்டும். இவர் நிரப்பவில்லை. தினமும் காலையில் எழுத்தம்மா பதிவேட்டை மேசையில் விரித்து வைப்பார். தளபதி பேனாவைத் திறப்பார், மூடுவார். "யோசிக்கறேம்மா" என்பார். இரக்கமா, பயமா, எந்த முடிவுமே எடுக்க முடியாத கையாலாகாத்தனமா என்று அவரே தனக்குள் தேடிக்கொண்டிருப்பதாக எழுத்தம்மாவுக்குப் பட்டது. தப்பான தேதி சொன்ன குற்றம் வேறு எழுத்தம்மாவின் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. சுடச் சொன்ன உத்தரவுதான் பிந்தியது என்றால் தளபதிக்கு வேலை போகும், சிறையும் உண்டு. தன்னால்தான் எல்லாம் குழம்பியது என்று எழுத்தம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் தபால் கப்பல் வந்தது. பையில், எது பிந்திய உத்தரவு என்று எழுதிக் கேட்டதற்குச் சபையின் பதில், ஒட்டிய உறையில். எழுத்தம்மா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தளபதியின் அறைக்குப் போனார். துணைத் தளபதி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். உறையை மேசையில் வைத்ததும் தளபதி அதை ஓரமாக நகர்த்தினார்.

"மொதல்ல பதிவேட்டைக் கொண்டாங்கம்மா."

துணைத் தளபதிக்குப் பொறுக்கவில்லை. "இதைப் பிரிச்சுப் பாத்துட்டு எழுதலாமே சார். உள்ள விடுங்கற உத்தரவுதான் பிந்தினதுன்னா, உத்தரவுப்படின்னு ஒரே வரியில முடிஞ்சுடும். இல்லேன்னா அதுக்கேத்த மாதிரி யோசிச்சு எழுதிக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை, காப்பாற்ற நினைத்துத்தான் சொன்னார்.

"இதைப் படிச்சிட்டா, அன்னிக்கு எனக்கு என்ன தெரிஞ்சிருந்துதுன்னு சரியா எழுத வராது தம்பி" என்றார் தளபதி.

எழுத்தம்மா பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். தளபதி பேனாவைத் திறந்து, காலியாகக் கிடந்த கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் சுடவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகி, பையின் பொத்தானையும் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உறையை எடுத்து, பிரிக்கச் சொல்லி எழுத்தம்மாவிடம் நீட்டினார்.