சந்திரிகா எடுத்த படம்

“மது, ஒண்ணு கேக்கணும். கேட்டா சிரிக்க மாட்டியே?”

“சாயங்காலம் வந்து கேட்டுக்கறேன்டி. ஆட்டோ வந்து நிக்குது.”

“சரி… என் போனைக் கொண்டு போ. அதுலதான் போட்டோ நல்லா வரும்.”

சந்திரிகாவும் மதுமதியும் கடைசியாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

பேய்க் கதை என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். இது பட்டப்பகலில், ஜனக் கூட்டத்துக்கு நடுவில் நடந்தது. கற்பனை இல்லை. மதுமதி என் தங்கையோடு படித்தவள். பொய் சொல்ல ஆரம்பித்தாலே காது சிவந்துவிடுகிற பெண். இதைச் சொல்லும்போது அவள் காது சிவக்கவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

சைதாப்பேட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். மதுமதி, தீபிகா, ரூபீனா, சந்திரிகா நான்கு பேருக்கும் ஒரே அறை. கிண்டியில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப். சனி, ஞாயிறு வந்தால் போதும், ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். படம் எடுப்பது எப்போதும் சந்திரிகாவின் வேலை. ஒற்றைப் பின்னலை முன்பக்கம் போட்டுக்கொண்டு எதிரே நிற்பாள். அவளுக்குக் கை நடுங்காது, அவள் போனும் நல்ல போன். அதனால் எந்தப் படத்திலும் அவள் இருக்க மாட்டாள். “உன் மூஞ்சி இருக்கற படம் ஒண்ணு அனுப்புடி” என்று ஊரிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாளாம். சந்திரிகா ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் தீபிகா முடியைச் சரிசெய்துகொண்டு, “ம், எடுடி” என்பாள். அவளும் எடுத்துவிடுவாள்.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஞாயிறு காலையில் உடம்பு ஜில்லென்று இருந்தது. விட்டுவிட்டது, தூங்கட்டும் என்று மூன்று பேரும் கிளம்பினார்கள். கடைசியாக வெளியே வருகிறவள் பூட்டைப் போட வேண்டும் என்பது அந்த அறைப் பழக்கம். கை பழகிப்போயிருந்தது. மதுமதி கதவைச் சாத்தினாள். கொண்டியில் பூட்டை மாட்டி அழுத்தினாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்தைச் சுற்றிவரும்போது அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

டக்… டக்… டக்.

தோள் பையிலிருந்து வந்தது. போனில் ஏதாவது இடிக்கிறதோ என்று மதுமதி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நிற்கவில்லை. பூக்கடை இரைச்சலிலும், பஸ் ஹாரனிலும் அவளுக்கு மட்டும் கேட்டது. தி.நகருக்கு வந்தபோது வேகமாகக் கேட்டது. மாடியில் துணிக்கடை, கீழே சாப்பாடு. சாப்பாட்டு மேஜையில் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

சந்திரிகாவின் போன். அதன் மேல் அறைச் சாவி.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் உறைத்தது. தண்ணீர் கேன் வெளியே வராந்தாவில். பாத்ரூம் வராந்தாக் கோடியில். அவள் போன் இங்கே. சாவியும் இங்கே.

திரும்பிப் போகலாம் என்றாள். ரூபீனாவும் எழுந்தாள். வார்டன் காலையிலேயே நங்கநல்லூர் கோயிலுக்குப் போயிருந்தார். கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. தீபிகா மட்டும் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஜுரம் விட்டாச்சுன்னு நீதானே சொன்னே? தூங்குவா. பீச்சுக்கு மட்டும் போயிட்டுப் போயிடலாம். ரெண்டு மணி நேரத்துல செத்தா போயிடுவா?”

ரூபீனா உட்கார்ந்தாள். மதுமதியும் உட்கார்ந்தாள். எங்கேயும் போகவிடாமல் யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை. அவளேதான் உட்கார்ந்தாள்.

டக்… டக்…

பாயசம் வந்தபோது சத்தம் நின்றுவிட்டது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பெசன்ட் நகர் ஆட்டோவில் மூவரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். டிரைவர் கிளப்பாமல் முன்சீட்டில் தன் பக்கத்தைப் பார்த்தார்.

“இங்கெல்லாம் குந்தக் கூடாதும்மா. போலீஸ்காரன் புடிப்பான். பின்னாடி உங்க ஆளுங்களோட அட்ஜஸ்ட் பண்ணிக்கினு குந்து.”

தீபிகா சிரித்தாள். வெயில் ரொம்ப ஏறிவிட்டது போல என்றாள். டிரைவர் சிரிக்கவில்லை. வழி முழுக்க உடம்பை ஓரமாக ஒடுக்கிக்கொண்டே ஓட்டினார்.

குப்பத்துப் பக்கம் படகுகள் நிற்கிற இடம். கடலுக்கு முதுகைக் காட்டி மூவரும் நின்றார்கள். தீபிகா சந்திரிகாவின் போனை வாங்கி, கையை நீட்டி செல்ஃபி எடுத்தாள். ரூபீனா படத்தைப் பார்த்தாள்.

“யார்கிட்ட குடுத்து எடுத்தோம்?”

படத்தில் மூன்று பேரும் தலைமுதல் கால்வரை இருந்தார்கள்.

தீபிகாவின் இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

எதிர்வெயில். அவர்கள் காலடியில், மணலில், ஒரு நிழல்.

முழங்கைகளைத் தூக்கி, போனைப் பிடித்திருக்கும் நிழல்.

முன்பக்கம் போட்ட ஒற்றைப் பின்னல்…

நிழல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

சைதாப்பேட்டைக்கு எப்படி வந்தார்கள் என்று மதுமதிக்கு நினைவில்லை. பூட்டைத் திறந்தாள். கதவு பாதிக்கு மேல் போகவில்லை. உள்ளே கதவை ஒட்டி ஏதோ கனமாக அடைத்துக்கொண்டிருந்தது.

சந்திரிகாவின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

டெங்கு என்றார் டாக்டர். ஜுரம் விடும்போதுதான் ஆபத்து என்றார். உயிர் போய் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கொண்டு வந்திருந்தால்கூடப் பார்த்திருக்கலாம் என்றார். பக்கத்து அறை சண்முகவடிவு காலையிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டு இரண்டு தடவை எழுந்து வந்திருக்கிறாள். “வெளியே பூட்டு தொங்குச்சுக்கா. குரலும் கேக்கல. உள்ளே ஆள் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?” போய் இயர்போனை மாட்டிக்கொண்டாளாம்.

பீச்சில் எடுத்த படம் போனில் இருந்தது. எடுத்த நேரமும் இருந்தது. அப்போது சந்திரிகா இறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மதுமதி இன்டர்ன்ஷிப்பை விட்டுவிட்டுத் திருச்சிக்கு வந்துவிட்டாள். போன மாதம் ஒரு காலை. குளித்துவிட்டுத் தன் அறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

டக்… டக்… டக்.

“அம்மா?”



வெளியே, கொண்டியில் பூட்டு விழுந்து அழுந்தும் சத்தம்.

அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டியே கிடையாது.

தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை.

தொண்டை வறண்டு கரகரத்த குரல். கதவுக்கு அந்தப் பக்கம் இல்லை… அவள் தோளுக்குப் பின்னால்.

“மது… சிரிக்க மாட்டியே? ஒரே ஒரு போட்டோவுல நானும் நிக்கணும்டி. இந்தத் தடவை என் இடத்துல நின்னு, நீ எடுக்கறியா?”