பின்வாசல் காலடி

யட்டியாந்தோட்டை பஜாரில் நான் வேலை பார்க்கும் போன் கடைக்கு அவர் ஒரே ஒரு முறைதான் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விரல்களில் காய்ந்திருந்த பாலை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டே பேசினார். கட்டாரில் இருக்கும் மகன், டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்றை வீட்டுக்கு அனுப்பியிருந்தானாம். வெள்ளிக்கிழமைகளில் அவன் அங்கிருந்தும் இவர் இங்கிருந்தும் சேர்ந்து விளையாடுகிறார்களாம்.

“காதுல மாட்டுறது ஒண்ணு வேணும், வயர் வேணாம் தம்பி. அவன் பேசுறதக் கேட்டுக்கிட்டே அடுப்படிக்கும் போய் வரணும்.”

சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டும் சரவுண்ட் சவுண்ட் உள்ள வயர்லெஸ் ஹெட்செட்டை அவருக்கு மாட்டிவிட்டு, கடை டிவியில் ஒரு கேமை ஓடவிட்டேன். கேமில் எதிரியின் காலடி பின்னாலிருந்து கேட்டதும் சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார்.

“மகன் பேசுனாலும் இப்படிப் பின்னாலருந்து கேக்குமா? இங்க இருந்தப்ப, வேலை விட்டா அவன் பின்வாசல் வழியாத்தான் வருவான்.”

“இல்லங்க. பேச்சு ரெண்டு காதுலயும் ஒரே மாதிரித்தான் கேக்கும். எதிரி வர்ற பக்கம் மட்டுந்தான் தெரியும்.”

ஹெட்செட்டைக் கழற்றினார்.

“அப்ப அவன எதிரியா விளையாடச் சொல்றேன்.”

அதையே வாங்கிக்கொண்டு போனார். கேமில் பதுங்கி வருகிறவனின் காலடி கேட்காது என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த மகன் ஓடித்தான் வர வேண்டும்.